எவ்வளவு சத்தம் போதும்?



இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

"அப்பா, கோயில் பாடகர் குழுவிலே என்னைப் பேஸ் கித்தார் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒரு ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வேண்டும்."

"எவ்வளவுப்பா ஆகும்?"

"சின்னதும் இருக்கிறது, பெரியதும் இருக்கிறது. பெரியதாக வாங்கினால் கோயிலே அதிரும் அப்பா!"

"கோயில் அதிரவா தம்பி வாங்குகிறோம்?"

தகப்பனார் செலவுக்குப் பயந்து கேட்ட கேள்விதான் இது. ஆனாலும் நல்ல கேள்வி. இந்த வாரம் அதையே நாம் எடுத்துக்கொள்வோம்.

ஒரு வாத்தியத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவதில் புண்ணியம் என்ன, பாவம் என்ன என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். அதில் குடும்பத்தின் பணம் இருக்கிறது; அயலானின் தூக்கம் இருக்கிறது; பூசையில் பாடுகிற பாட்டியின் குரல் இருக்கிறது; வாசிக்கிற பிள்ளையின் ஆத்துமமும் இருக்கிறது. இத்தனையும் ஒன்றுகூடுகிற இடத்தில் எது தகும், எது தகாது என்று நிறுத்துப் பார்ப்பது கிறிஸ்தவனின் கடமை. அப்படி நிறுத்துப் பார்க்கும் குணத்துக்கு விவேகம் என்று பெயர். தலையான புண்ணியங்கள் நான்கில் அதையே முதலாவதாக எண்ணுகிறோம்.

கீழ்க்குரலின் வேலை

பேஸ் கித்தாரை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாதாரணக் கித்தாரில் ஆறு தந்திகள். இதில் பெரும்பாலும் நான்கே. அவை நீளமானவை, தடித்தவை. மிகத் தாழ்ந்த தந்தியை மீட்டினால் அது வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. தடித்த குரலுள்ள ஆண்மகன் பாடக்கூடிய தாழ்ந்த சுரம் சாதாரணமாக வினாடிக்கு 80 அதிர்வுக்குப் பக்கத்திலே நின்றுவிடும். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இந்தத் தந்தி பேசுகிறது.

இந்த வாத்தியம் பாட்டின் மெட்டை வாசிப்பது அபூர்வம். மெட்டு நிற்பதற்கு இடம் அமைத்துக் கொடுப்பதே இதன் வேலை. வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ பாட்டுக்கு இது அப்படி. புதுவீடு பார்க்க வருகிறவர்கள் வாசற்கதவைப் புகழ்வார்கள், தரையைப் புகழ்வார்கள். "அஸ்திவாரம் எங்கே, காட்டுங்கள்" என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அது சரியில்லாவிட்டால் சுவர் வெடித்தபின் எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள்.

நம் திருவாதவூரை ஒட்டியே இதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் இது என்பது தொன்றுதொட்ட வழக்கு. அவர் பாடிய திருவாசகத்திலிருந்து சில பகுதிகளை எடுத்து, பழைய மதுரை ஜில்லாவின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, புடாபெஸ்ட் நகரத்துப் பெரிய வாத்தியக் குழுவைக் கொண்டு இசை அமைத்தார். அது 2005-ம் ஆண்டில் வெளிவந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய தமிழ் மையம் என்ற அமைப்பு ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தொடங்கியது. அந்த இசையைக் கேட்கிறவர்களின் மனதில் பாடுகிற குரல் நிற்கிறது. பாட்டின் வார்த்தை நிற்கிறது. இப்படிப்பட்ட குழுவில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய பேஸ் வயலின்கள் அடியில் தாங்கிக்கொண்டே இருக்கும். அவற்றை வாசித்தவர்களின் பெயரை நம்மில் யார் அறிவார்? தெரியாமல் தாங்குவதுதான் கீழ்க்குரலின் பெருமை.

ஆகையால் முதற்பாடம் இது: தாங்குவதற்காக ஏற்பட்ட வாத்தியத்தை முந்துவதற்காக வாங்கக் கூடாது.

சுமையின் கதை

அந்தப் பேஸ் வயலினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. கூட்டத்தில் அதன் சத்தமும் எழும்பாது. இந்தக் கஷ்டத்தைப் போக்கவே 1951-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய மின்சாரப் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதாவது, சுமையைக் குறைக்கவே இந்த வாத்தியம் பிறந்தது.

ஆனால் மனிதனுடைய ஆசை சும்மா இருக்குமா? 1960-ல் ஆம்பெக் என்ற கம்பெனியார் 25 வாட் சக்தியுள்ள ஓர் ஆம்ப்ளிபயரைச் செய்தார்கள். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஆம்ப்ளிபயரைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிடலாம். அடக்கமான அமைப்பு. அதே கம்பெனியார் 1969-ல் 300 வாட் சக்தியுள்ள ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆம்ப்ளிபயர் மட்டும் ஏறக்குறைய 40 கிலோ. எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி 60 கிலோவுக்கும் மேல். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் பெரிய அரங்குகளுக்காக அது செய்யப்பட்டது. அந்த இடத்துக்கு அது வேண்டியதுதான். இருநூறு முந்நூறு பேர் கூடும் ஒரு கோயிலிலே அதற்கு என்ன வேலை? தோளில் மாட்டப் பிறந்த வாத்தியத்துக்குத் துணையாக, நான்குபேர் தூக்கவேண்டிய சுமை வந்து சேர்ந்ததைப் பாருங்கள்!

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சுமை அவசியமில்லை. மூன்று மாறுதல்களால் எடை குறைந்துவிட்டது.

முதலாவது, மின்சாரத்தை வாங்கும் பகுதி. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றாக முன்னும் பின்னும் திசைமாறி ஓடுகிறது. அவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்தைக் கையாளப் பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் வேண்டும். புதுமுறையில் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறார்கள். ஆகவே சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். ஒரு தொட்டித் தண்ணீரை அண்டாவால் நாலு தடவையிலும் மாற்றலாம். சிறு செம்பால் வேகமாகப் பல தடவையிலும் மாற்றலாம். தண்ணீர் ஒன்றே; பாத்திரந்தான் சிறிது.

இரண்டாவது, சத்தத்தைப் பெருக்கும் பகுதி. பழைய முறையில் அது பாதி திறந்த மடையைப் போல் வேலை செய்யும். நல்ல பங்கு மின்சாரம் சூடாகவே வீணாகும். அந்தச் சூட்டை ஆற்றக் கனமான உலோகத் தகடுகள் வேண்டும். 'கிளாஸ் டி' என்னும் புதிய முறையில் மடையை முழுதும் திறப்பது, முழுதும் மூடுவது, இரண்டே நிலைதான். அதை மிக மிக வேகமாகச் செய்கிறார்கள். வாங்கும் சக்தியில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு வேலைக்கு வருகிறது.

மூன்றாவது, ஸ்பீக்கரின் காந்தம். 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம், கனமான பழைய காந்தம் செய்யும் வேலையைச் சிறிய அளவிலேயே செய்துவிடுகிறது.

இந்த மூன்றினாலும், 500 வாட் என்று போட்ட ஆம்ப்ளிபயர் இரண்டு மூன்று கிலோவிலே கிடைக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுள்ள பெட்டி 15 கிலோவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கிய சிறிய வகையும் உண்டு. முதுகிலே கித்தார், கையிலே பெட்டி என்று ஒரு பிள்ளை தானாகவே மேலூர் பஸ்ஸில் ஏறி இறங்கலாம்.

இதில் ஒரு ஞானப்பாடமும் இருக்கிறது. நம் ஆண்டவர் சீஷர்களை ஊர்களுக்கு அனுப்பியபோது பையும் மிதியடியும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதை அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். ஏன்? சுமை கூடினால் நடை குறையும். கிளைக் கிராமத்தில் பூசை என்றால் "வண்டி வந்தால்தான் வருவேன்" என்று சொல்லவைக்கும் பெட்டி, எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்தக் கிராமத்துக்குப் பிரயோசனமில்லை. பிள்ளை தானே தூக்கக்கூடியது எதுவோ அதுவே ஊழியத்துக்கு உதவும். தன்னால் தூக்க முடியாததை வாங்குகிறவன் அதை இன்னொருவன் முதுகில் ஏற்றுகிறான். பூசை முடிந்தபின் கோயிற்பிள்ளையும் சிறுவர்களும் அதைத் தூக்கித் திணறுவார்கள். அவன் கையை வீசிக்கொண்டு போவான். அதுவும் ஒரு பாவப்பழக்கத்தின் ஆரம்பம்.

வாட் கணக்கும் காதுக் கணக்கும்

கடையில் பிள்ளைகள் ஏமாறும் இடம் வாட் கணக்கு. 100 வாட்டைவிட 200 வாட் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சக்தி இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல் மாத்திரமே கூடும். கூர்ந்து கேட்டால் 'சற்றே கூடியிருக்கிறது' என்று தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆண்டவர் நம் காதை அப்படிப் படைத்திருக்கிறார். ஆகவே 300 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் பணப்பையில் தெரியும். காதில் அதிகம் தெரியாது.

அதைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று அதன் விவரத்தாளில் போட்டிருக்கும். 94 போட்ட ஸ்பீக்கருக்குப் பதிலாக 97 போட்டதை எடுத்தால், ஆம்ப்ளிபயரின் சக்தியை இரட்டித்ததற்குச் சமம்.

பெட்டியைப் பற்றியும் ஓர் இயற்கை நியதி உண்டு. பெட்டி சிறிதாக இருக்கவேண்டும், மிக ஆழமான சுரம் வரவேண்டும், குறைந்த சக்தியில் நிறையச் சத்தமும் வரவேண்டும் என்று மூன்றையும் கேட்டால் கிடைக்காது. இரண்டைப் பெற மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றும் உண்டு என்று சொல்லி விற்கிறவன் பொய் சொல்கிறான். நமக்குச் சிறிய பெட்டி வேண்டும். ஆகவே அந்த 41 அதிர்வை நெஞ்சில் இடிக்கிறபடி எதிர்பார்க்கக் கூடாது. அதனால் நஷ்டமில்லை. அடிச்சுரம் மெலிந்தாலும் அதன் மேற்சுரங்களைக் கேட்டே நம் காது அடிச்சுரத்தை அறிந்துகொள்கிறது. பேஸ் பெட்டிகளிலே 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ளது சிறு கோயிலில் பாட்டைத் தாங்கப் போதும்.

இன்னும் மூன்று எச்சரிக்கை.

ஒன்று: ஓம் கணக்கு. ஆம்ப்ளிபயர் குறைந்தபட்சம் 4 ஓம் என்று சொன்னால், 8 ஓம் பெட்டி ஒன்றோ இரண்டோ மாட்டலாம். இரண்டு 8 ஓம் பெட்டிகள் பக்கம்பக்கமாகச் சேர்ந்தால் 4 ஓம் ஆகும். ஆனால் 4 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 2 ஓம் ஆகி, அதற்கென்று செய்யப்படாத ஆம்ப்ளிபயர் கெட்டுப்போகும். முதலில் 8 ஓம் பெட்டி ஒன்று வாங்கினால், அவசியம் வந்தபோது இன்னொன்று சேர்க்கலாம்.

இரண்டு: கித்தாரிலிருந்து வரும் வயர் வேறு, ஸ்பீக்கருக்குப் போகும் வயர் வேறு. முனை ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றி மாட்டக் கூடாது.

மூன்று: எர்த் இணைப்பு. மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டையில் செருகும் துணிச்சல் நம் ஊர்களில் உண்டு. தந்தியில் கையும் மைக்கில் வாயும் வைத்து நிற்கிற பிள்ளையின் உயிர் அந்த ஒரு பின்னில் இருக்கிறது. பந்தலில் வாசிப்பதானாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாட்ட வேண்டும்.

கோயிலுக்குள்

திருச்சபை வாத்தியங்களை எப்படி நோக்கியது என்றும் நாம் அறிய வேண்டும். 1903-ல் பாப்பரசர் 10-ம் பத்திநாதர் ஆர்கனை ஏற்று, பியானோவையும் மத்தளம் போன்ற ஆரவார வாத்தியங்களையும் கோயிலுக்குள் விலக்கினார். 1963-ல் இரண்டாம் வாத்திக்கான் சங்கம் ஆர்கனுக்குரிய மேன்மையைக் காத்துக்கொண்டே, வேறு வாத்தியங்களுக்கும் வாசல் திறந்தது. ஆனால் சும்மா திறக்கவில்லை: அவை தெய்வ ஆராதனைக்குத் தகுந்தவையாக இருக்கவேண்டும், ஆலயத்தின் மகிமைக்குப் பொருந்த வேண்டும், விசுவாசிகளுக்கு உண்மையான ஞானப்பலன் தரவேண்டும், மேற்றிராணிமாரின் சம்மதமும் வேண்டும் என்றது. 1967-ல் உரோமையிலிருந்து வந்த இசைப் போதனை இன்னும் தெளிவாகப் பேசியது. வாத்தியம் குரல்களைத் தாங்கலாம், பாடுவதை எளிதாக்கலாம். ஆனால் பாட்டின் வார்த்தை விளங்காதபடி குரல்களை அமுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. தபசுகாலத்திலோ, அதன் சில திருநாட்கள் நீங்கலாக, பாட்டைத் தாங்குவதற்கு மாத்திரமே வாத்தியம் என்பது இன்றும் உள்ள ஒழுங்கு.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அதற்கு மீட்டர் முள் வேண்டியதில்லை. கடைசி வரிசையிலே பாய்விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி, தான் பாடுவதைத் தானே கேட்கிறாளா? கேட்டால் சத்தம் சரி. கேட்காவிட்டால், அவள் இரண்டு வரி பார்ப்பாள்; பிறகு வாயை மூடிக்கொள்வாள். கோபித்துக்கொள்ள மாட்டாள், குறை சொல்லவும் மாட்டாள். சும்மா இருந்துவிடுவாள். அறுபது வருஷமாக ஆண்டவரைப் பாடிய ஒரு வாய் அன்றோடு நின்றுபோகும். நான் சொல்லும் நஷ்டம் இதுதான். வேறெந்தப் பணநஷ்டமும் இதற்கு ஈடாகாது.

பிள்ளைகள் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. பெரும்பாலும் பெட்டியை வைக்கும் இடம் தப்பு. ஸ்பீக்கர் பெட்டியைத் தரையிலே காலடியில் வைக்கிறான். சத்தம் அவனுடைய முழங்காலைத் தட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையின் முகத்தில் போய் விழுகிறது. அவனுக்கோ கேட்கவில்லை, ஆகவே திருகிக்கொண்டே போகிறான். அதை ஒரு முக்காலியின்மேல் ஏற்றியோ, சாய்த்தோ, அவன் காதைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். பாதிச் சத்தத்திலேயே "போதும்" என்பான். நம் குற்றங்களும் இப்படித்தான். நம்முடைய சத்தம் நம் காதில் விழாத வரையில், நாம் அடங்கிப் பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறோம்.

சுவர்மூலையில் வைத்தால் கீழ்க்குரல் தானே பெருகிக் குழம்பும். காங்கிரீட் கோயிலில் தாழ்ந்த சுரம் சீக்கிரம் அடங்காது. ஒன்று அடங்குமுன் மற்றொன்று ஏறிவிடும். ஆகவே மூலையை விட்டு விலக்கி வைத்து, ஆம்ப்ளிபயரில் பேஸ் திருகைக் குறைத்து, குறைந்த சுரங்களை இடைவெளி விட்டு வாசிப்பது நலம். 'டி.ஐ.' என்ற துவாரம் உள்ள ஆம்ப்ளிபயராகப் பார்த்து வாங்கினால், பெரிய திருநாளில் அதிலிருந்து ஒரு வயரைக் கோயில் மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். ஹெட்போன் துவாரமும் இருந்தால், வீட்டில் படிக்கும் தங்கைக்குத் தொந்தரவில்லாமல் இராத்திரியும் பழகலாம்.

மதிலுக்கு வெளியே

கீழ்க்குரலுக்கு ஒரு சுபாவம் உண்டு. அந்த 41 அதிர்வுச் சுரத்தின் அலை ஒன்று எட்டு மீட்டருக்கும் மேல் நீளம். சாதாரணச் சுவரும் கதவும் அதைச் சுலபமாகத் தடுக்கா. தூரத்து ஊரில் திருவிழா நடந்தால் பாட்டின் வார்த்தை கேட்காது. 'தும் தும்' என்பது மட்டும் நம் தலையணை வரைக்கும் வரும். நம் கோயிலின் 'தும் தும்' யாருடைய தலையணைக்குப் போகிறது? காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு. விடியற்காலம் மடை திறக்கப் போகவேண்டிய விவசாயிக்கு. பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கு. அவர்களில் பலர் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களல்லர். நம்மைப் பற்றி அவர்கள் கேட்கும் பிரசங்கம் அந்தச் சத்தம்தான்.

இது நீதிமன்றத்துக்கும் போன விஷயம். சென்னையில் கே.கே.ஆர். நகரில் பெந்தெகொஸ்தே சபையார் ஒருவரின் ஜெபக்கூடத்தில் டிரம், கித்தார் முதலிய வாத்தியங்களும் ஒலிபெருக்கியும் உபயோகித்தார்கள். குடியிருப்போர் வழக்குத் தொடுத்தார்கள். சாலையில் ஓடும் வண்டிகளின் சத்தமே காரணம் என்று சபையார் வாதித்தார்கள். 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த வேதமும் கற்பிக்கவில்லை என்பது அதன் சாரம். "அது வேறு சபை" என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நாம் நம் வாயாலே சொல்லியிருக்க வேண்டிய நியாயத்தை ஒரு நீதிபதி சொல்லவேண்டி வந்ததே என்று நாம் வெட்கப்படலாம்.

அதே வருஷத்து ஒலி விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. பண்டிகைக்காக அரசாங்கம் வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நடுஇரவு 12 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரலாம். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். பிறர்சிநேகம் அதற்கு மேலும் கேட்கும்.

மூன்று நியாயங்கள்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

"150-ம் சங்கீதமே முழங்கும் கைத்தாளங்களால் ஆண்டவரைத் துதிக்கச் சொல்கிறதே?" ஆம், சொல்கிறது. ஆனால் அதே சங்கீதம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். வாத்தியங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டபின், மூச்சுள்ள ஒவ்வொன்றையும் கடைசியாகத் துதிக்கக் கூப்பிடுகிறது. வாத்தியங்கள் முன்னே வந்தது, மூச்சுள்ளவர்கள் பின்னே வந்து பாடுவதற்காக. கடைசி வரிசைப் பாட்டியின் மூச்சை அடைத்துவிட்டு முழங்கும் வாத்தியம், சங்கீதத்தின் நடுவில் நின்றுவிட்டது. முடிவுக்கு வந்து சேரவில்லை.

"ஆண்டவருக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கலாமா? பெத்தானியா மரியம்மாள் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றவில்லையா?" இது கனமான நியாயம். தாவீது இராஜாவும் தமக்குச் செலவில்லாத பலியை ஆண்டவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆனால் அவர்கள் கொடுத்தது அவர்களுடையது. தவணைக் கடனில் வாங்கி, தங்கையின் பள்ளிச் சம்பளத்தை நிறுத்திக் கொடுப்பது யாருடைய காணிக்கை? கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று சேசுநாதரே சொன்னார். மேலும், ஒரு வாத்தியக்காரன் கொடுக்கக்கூடிய விலையுயர்ந்த தைலம் அவனுடைய உழைப்பு. தினம் அரைமணி நேரம் விரல் நோகப் பழகுவது; சனிக்கிழமை ஒத்திகைக்கு நேரத்தோடு வருவது; தாளம் பிசகாமல் வாசிப்பது. இந்தக் காணிக்கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வாட்டைக் கூட்டினால் பிசகு மறையாது, பெரிதாகக் கேட்கும்.

"தேர்பவனிக்கும் திருவிழாவுக்கும் சின்னது போதாதே?" போதாதுதான். அன்றைக்கு மைக் செட்காரரிடம் பெரியது இருக்கிறது, 'டி.ஐ.' வயரை அவரிடம் கொடுத்துவிடலாம். ஒரு நாளைக்காக வாங்கியதை வருஷத்தின் மற்ற வாரமெல்லாம் சுமப்பது விவேகமல்ல. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

இவ்வளவும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் எதற்கு, மைக் செட்டில் மாட்டிக்கொள்" என்று அவனை ஜெபமாலைக்கு வைத்திருக்கும் குழாய் ஸ்பீக்கரில் மாட்டச் சொல்வது நியாயமல்ல. வினாடிக்கு 200 அதிர்வுக்குக் கீழே அந்தக் குழாய் ஏறக்குறைய ஊமை. அவன் என்ன வாசித்தாலும் கரகரப்பே வரும். பிறகு "இந்த வாத்தியமே சத்தம்" என்று அவனை விரட்டுவதும் நியாயமல்ல. அளவுக்கு மிஞ்சுவது ஒரு குற்றம் என்றால், வேண்டிய அளவைக் கொடுக்க மறுப்பதும் குற்றம். கோயிலைத் தேடி வருகிற ஒரு வாலிபனை ஒரு பெட்டிக்காக இழந்துவிட்டால், பிறகு எந்தப் பெட்டியாலும் அவனைக் கூப்பிட முடியாது.

முடிவாக

அர்ச். அகுஸ்தீன் தம்முடைய பாவசங்கீர்த்தன நூலில் இந்தச் சங்கடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கோயில் பாட்டு அவரை உருக்கிற்று. ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை அதிகம் இழுத்த வேளைகளைக் குற்றமாகவே அவர் எண்ணினார். ஆயினும் பாட்டு வேண்டாம் என்று அவர் முடிவுகட்டவில்லை. அதனால் பலவீனர் பக்தியில் எழும்புவார்கள் என்று ஏற்றுக்கொண்டார். பாட்டை விலக்காமலே, தன் உள்ளத்தைப் பரிசோதித்தார். நமக்கும் அதுவே வழி.

ஆகவே கடைக்குப் போகுமுன் தகப்பனும் மகனும் உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை அவனே தூக்குவானா? கடனில்லாமல் வாங்க முடியுமா? கடைசி வரிசையில் இருக்கிறவர்கள் பாடுவார்களா? பக்கத்து வீட்டான் தூங்குவானா? நான்குக்கும் ஆம் என்று வந்தால் மனநிம்மதியோடு வாங்குங்கள். வாங்கியதைப் பங்குச் சுவாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால், அந்தப் பெட்டி எவ்வளவு சிறிதானாலும் உங்களுக்குப் பெரிதே.

ஓரேப் மலையிலே எலியாஸ் தீர்க்கதரிசி ஆண்டவருக்காகக் காத்திருந்தார். பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பும் வந்தது. ஆண்டவர் அவற்றில் இல்லை. பிறகு மெல்லிய காற்றின் ஓசை ஒன்று வந்தது. அப்போது அவர் முகத்தை மூடிக்கொண்டார். நம் பிள்ளைகளின் விரல்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அவர்கள் வாசிக்கையில் கோயில் அதிராவிட்டாலும் குறைவில்லை. கோயிலில் உள்ள ஒவ்வொருவரும் வாய் திறந்து பாடினால் அதுவே போதும்.